உண்டு முடியும் வரை

செருமானியக் கடவுச்சீட்டு கைக்கு வந்த ஆண்டில், முதற்பயணமாக வேல்சு நாட்டின் சிறு சந்தை நகரொன்றுக்குச் சென்றேன். என் தமக்கையார் அங்கு வாழ்ந்தார். அவ்வூர் மருத்துவமனையில் பணியாற்றிய அத்தான் மறைந்தபின் அவர் தனியர்; செருமனியின் பான் நகரில் நானும் தனியன். அவரை என்னோடு அழைத்து வந்துவிட வேண்டுமென்பதே என் வேட்கை. ரைன் ஆறு தெரியும் அறைக்கு வெள்ளையடித்துப் புதுத் திரையும் தொங்கவிட்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவரேனும் உண்டுகொண்டிருக்கையில் பாரமான பேச்சை எடுக்கலாகாது. என் நோக்கத்தை அவர் வாசலிலேயே கண்டுகொண்டார் போலும்.

"அக்கா, ஒரு விசயம் கதைக்கவேணும்."

"ஓம், கதைப்பம். முதல்லை இந்தப் புட்டைச் சாப்பிடு. ஜேர்மனியிலை உனக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறை ஒண்டும் இல்லைப் போலை."

மறுநாள் சந்தை. கற்றூண்கள் தாங்கிய பழங்கூடத்தின்கீழ் பாலாடைக்கட்டியும் கம்பளி நூலும் மழையீரத்தோடு மணத்தன. வணிகர் யாவரும் தமக்கையாருக்கு வேல்சு மொழியில் வணக்கம் கூறினர். அவரும் அம்மொழியிலேயே மறுமொழி கூறினார். நான் வாய் திறந்தபோதெல்லாம் ஒரு துண்டு பாலாடைக்கட்டியோ, உலர்திராட்சை இட்டுக் கல்லில் சுட்ட வட்டப் பணியாரமோ என் கைக்கு வந்தது.

"அக்கா, வயிறு வெடிக்கப்போகுது."

"வெடிச்சால் இஞ்சை நல்ல ஆஸ்பத்திரி இருக்கு. சாப்பிடு."

பிற்பகல் குன்றேறினோம். இடிந்த கோட்டைச் சுவரின் அடியில், முதுகில் நீலக் குறியிட்ட ஆடுகள் மேய்ந்தன. கீழே ஆறு வளைந்தோட, கருங்கற்பலகைக் கூரைகள் மழையில் மின்னின. இங்கே தின்பண்டம் இல்லை. இதுவே தருணம் என எண்ணினேன். அவரோ கைப்பையைத் திறந்து ஒரு தொபி மிட்டாயை உரித்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாயிலிட்டதும், ஆற்றங்கரைத் தேவாலயத்தைச் சுட்டினார்.

"அத்தான் அந்த மரத்தடியிலைதான் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் பூ வைக்காட்டில் ஆர் வைக்கிறது?"

தொபி கரைய நெடுநேரம் ஆயிற்று. கரைந்ததும் நானே இன்னொன்று கேட்டு வாங்கி வாயிலிட்டேன். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடைபெறும் நாளில், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பொதியை என் கையில் வைத்தார்.

"அக்கா, நீங்கள்…"

"பஸ் வந்திட்டுது தம்பி. ஏறு. வழியிலை பசிக்கும்."

பேருந்து வளைவில் திரும்பும்வரை அவர் குடையை விரிக்காமலே மழையில் நின்றதைக் கண்டேன்.

வழியில் எனக்குப் பசிக்கவில்லை. பொதியைப் பான் நகர் வீட்டில்தான் பிரித்தேன். உள்ளே அதே வட்டப் பணியாரங்கள். வெள்ளையடித்த அறையின் கதவைத் திறந்துவைத்து, அதற்கு எதிரே அமர்ந்து, ஒன்றும் மிச்சமின்றி உண்டேன். கைகழுவி வந்தேன். வழக்கப்படி இனிக் கேட்கலாம். திரை மட்டும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.