ராகுகாலத்தில் நின்ற ஜெட் சைக்கிள்

எங்கள் கரையான்சாவடியில் ஜெட் வண்டி ஓட்டிய முதல் ஆள் நான்தான். இரண்டாவது ஆள் இன்றுவரை வராததால் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது.

வண்டியைக் கட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. உலக யுத்தம் முடிந்த சமயம். விசிறி இல்லாமல் பறக்கும் விமானத்தின் படத்தை ஏதோ பத்திரிகையில் பார்த்துவிட்டார். பின்பக்கம் சீறவிட்டால் முன்பக்கம் போகலாம் என்ற தத்துவம் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பெட்ரோல் கிடைக்காமல் கோழி அடைந்துகிடந்த ஒரு காரைப் பூந்தமல்லியில் மோட்டார் ஷெட் வைத்திருந்த பாய் அப்போது பிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காரைக் கரிப்புகையில் ஓட்டுவதற்காக மாட்டியிருந்த இரும்பு உருளை, கொதிகலனாகி மாமாவின் சைக்கிள் கேரியரில் ஏறியது. பெட்ரோல் போகும் செப்புக்குழாய், ஆவி சீறுவதற்காகக் கேரியருக்குப் பின்னால் மூக்கை நீட்டியது. ஹாரன் கம்பியை இழுத்தால் ஆவி திறக்கும். கம்பியை இழுக்கும் பதவி எனக்கு. மாமா என்னை 'பைலட்' என்றார். நான் வேறு பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அப்பாவுக்கு நெல் மண்டி. மச்சான் அங்கே வந்து உட்கார வேண்டும் என்பது அவர் கட்சி. மாமாவுக்கோ பாயின் ஷெட்டில் வேலைக்குச் சேர வேண்டும். கடைசியில் அப்பா ஊரறியச் சொன்னார்:

"ஆயுத பூசை அன்னிக்கு மண்டி வாசல்லேர்ந்து மைல்கல் வரிக்கும் இது தானா ஓடட்டும், நீ ஷெட்டுக்குப் போ. ஓடலியா, மறுநாள் காலீல மண்டியில வந்து குந்து."

பெடல் மிதித்து ஏமாற்றக்கூடாது என்று சைக்கிள் சங்கிலியையும் கழற்றி வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமை. சாயந்திரம் வண்டிக்குச் சந்தனம் பூசி, கதம்பம் சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. உருளை உறுமியது. "உடு நைனா!" என்றார் பாய். அம்மா கற்பூரத் தட்டோடு குறுக்கே வந்து நின்றாள்.

"நாலரை ஆயிடுச்சி, ராகுகாலம். ஆறு மணிக்கு மேல எடுங்க."

"அக்கா, அதுவரிக்கும் ஆவி காத்துக்கினு இருக்குமா?"

"என் கல்யாணமே காத்துக்கினு இருந்துச்சி. ஆவி இருக்காதா?"

உருளை வெடித்துவிடும் என்று பயந்து பாய் அடிக்கடி ஆவியைத் திறந்துவிட்டார். கொண்டுவந்த கரி தீர்ந்தது. "இன்னா அண்ணாத்தே, சோறு வெந்துச்சா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். மாமா உருளையை ஒரு கோணியால் போர்த்தினார், குளிர்ஜுரக்காரனைப் போர்த்துவதுபோல.

ஆறு அடித்தது. நான் முன்கம்பியில், மாமா சீட்டில். பாய் உருளையைத் தட்டிப் பார்த்து, "சூடு கீது. வேகந்தான் இல்ல," என்று முணுமுணுத்தார்.

கம்பியை இழுத்தேன். வெள்ளை மேகம் ஒன்று வண்டியை மூடியது. வண்டி அசையவில்லை. மாமாவின் மூச்சு என் உச்சந்தலையில் சுட்டது.

திடீரென்று ஒரு உலுக்கல். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கதம்பம் பறந்தது. ஊரே ஓவென்று கத்தியது, சிரித்தது, கைதட்டியது. பைலட் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்ததால், நான் முன்னால் மட்டுமே பார்த்தபடி மைல்கல்லைத் தாண்டினேன்.

மேகத்துக்குள்ளிருந்து அப்பா மூச்சு வாங்க வந்தார்.

"ஓடிச்சி. நாளைக்கு ஷெட்டுக்குப் போ மச்சான்."

மாமா அவர் காலில் விழுந்தார். ஜெயித்தவர் தோற்றவர் காலில் விழுவது எனக்கு முறையாகப் படவில்லை. ஆனாலும் மன்னித்துவிட்டேன். பூசை லீவு முடிந்து பள்ளிக்கூடத்தில் அடக்கமாக இருக்க முயன்று முடியாமல், எல்லாரிடமும் சொன்னேன். பாதிப்பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பொறாமை என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டிலோ அப்பா நாலு நாள் தன் கையால் சாப்பிடவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. அம்மா உருட்டி ஊட்டினாள். கேரியரைப் பிடித்துத் தள்ளுகிறவன் கையில்தான் அந்த ஆவி முழுதும் அடிக்கும் என்பது, எனக்கு மீசை முளைத்த பிறகு விளங்கியது. அன்றைக்குப் பந்தயம் தோற்ற துக்கம் என்றே நினைத்தேன். வெற்றி பெற்றவனுக்குரிய பெருந்தன்மையோடு, "தோத்துட்டா சோறு எறங்காதாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டா பைலட்டு," என்று சொல்லி, அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார் அப்பா.