நூற்றுக்கு நாற்பத்தேழு

மின்நிலையத்தில் அவனுக்கு முள்ளு என்று பெயர். தராசில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறவன், அதனால் அப்படி ஆகிப்போனது. ஆளும் அதற்கேற்ற மாதிரிதான். ஒல்லி உடம்பு, தொட்டால் குத்துவான். நிலக்கரி கொண்டுவருகிற ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அவனை அடித்த தடவைகளை அவனே எண்ணி வைக்கவில்லை. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் விழுந்த ஓர் அறையில் இடது காது அடைத்துக்கொண்டது; அடைத்தது அடைத்ததுதான், திறக்கவே இல்லை. தண்டவாளத்து ஓரம் தள்ளிவிட்டதில் முன்பல் ஒன்று போனது. இத்தனைக்கும் யார் வம்புக்கும் போகாதவன். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் செய்த குற்றம் ஒன்றே ஒன்று: கையை விட்டுத் தோண்டுவான்.

சரக்கு ரயிலில் நிலக்கரி வந்து நிற்கும். பெட்டி பெட்டியாக ஏறி மாதிரி எடுக்க வேண்டும். மற்ற ஷிப்டுக்காரர்கள் மேலாக நாலு கரண்டி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மேலே பளபளவென்று நல்ல கரி இருக்கும். கீழே பாதிக்குப் பாதி கல்லும் மண்ணும். அப்படி அடுக்கி அனுப்புவதுதான் ஒப்பந்தக்காரரின் சாமர்த்தியம். முள்ளு நாலு மூலையிலும் நடுவிலும் முழங்கை மறைகிற வரைக்கும் தோண்டி அடியிலிருந்து எடுப்பான். அதை லேபுக்குக் கொண்டுபோய் இடித்துப் பொடியாக்கி, சின்ன உலையில் எரித்து, மிஞ்சின சாம்பலை நிறுப்பான். நூறு பங்கு கரிக்குச் சாம்பல் எத்தனை பங்கு என்று தாளில் எழுதி முத்திரை குத்துவான்.

அந்தத் தாள் மூன்று இடத்துக்குப் போகும். ஒன்று, பில் போடுகிற ஆபீசுக்கு; சாம்பல் ஏற ஏற ஒப்பந்தக்காரருக்குக் காசு குறையும். இரண்டாவது மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு. எவ்வளவு எரித்தீர்கள், எவ்வளவு சாம்பலைப் பிடித்தீர்கள், எவ்வளவு புகைபோக்கி வழியாக ஊர் தலையில் போட்டீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். மூன்றாவது கண்ட்ரோல் ரூமுக்கு. அதுதான் உயிர் விஷயம். புகையில் வருகிற சாம்பலை மின்சாரத் தகடுகள் பிடித்துக் கீழே உதறும். உதறின சாம்பல் விழுவதற்கு மாடி உயரத்தில் இரும்புக் கூம்புகள் தொங்கும், ஹாப்பர் என்பார்கள். நிரம்புவதற்குள் அவற்றைக் காலி பண்ண வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் கீழே இறங்கிவிடும். எத்தனை மணிக்கு ஒரு தரம் என்பதை ஷிப்டு இன்ஜினியர் முள்ளுவின் எண்ணைப் பார்த்துத்தான் வைப்பார். நிரம்பினால் காட்டிக்கொடுக்கிற கருவி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குக் கருமாதிதான் பாக்கி.

அந்த ஹாப்பர்களுக்கு அடியில், நீளக் கம்பியால் குத்தி அடைப்பு எடுக்கிற வேலையில் இருந்தான் முள்ளுவின் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. அவனும் அதே ஒப்பந்தக்காரரின் கூலி. ஆள் பீப்பாய் மாதிரி இருப்பான். பீப்பாய் என்றே கூப்பிடுவார்கள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. வந்த ரயிலுக்கு எண் நாற்பத்தேழு வந்தது. முள்ளு இரண்டு தரம் எரித்துப் பார்த்தான். இரண்டு தரமும் நாற்பத்தேழு. பேனாவை எடுக்கும்போது லேப் கதவு திறந்தது. ஒப்பந்தக்காரரின் அடியாள், கட்டை என்பவன், உள்ளே வந்தான். பின்னாலேயே ஒப்பந்தக்காரர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"என்ன முள்ளு, எவ்ளோ வந்துச்சு?" என்றான் கட்டை.

"நாப்பத்தேழு."

"நல்லாப் பாரு. எனக்கு முப்பத்தொண்ணு மாதிரி தெரியுது."

"எனக்குக் காதுதான் கேக்காது. கண்ணு நல்லாவே தெரியும்."

ஒப்பந்தக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தம்பி, நாப்பத்தேழுன்னு போட்டா எனக்கு ஒரு ரயிலே போச்சு. முப்பத்தொண்ணுன்னு போட்டா உனக்கு என்ன போச்சு? கொஞ்சம் மை. அவ்ளோதானே?"

"எரியும்போது தெரிஞ்சிடும் சார்."

"எரியட்டும்யா. எரிக்கத்தானே வாங்கினாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவருக்கு இந்த மாதிரி விஷயங்களைப் பார்க்கப் பிடிக்காது.

கட்டை முள்ளுவின் வலது கையைப் பிடித்து, கரி இடிக்கிற இரும்புப் பலகைமேல் விரித்து வைத்தான். கரி இடிக்கிற அதே சுத்தியல்தான். முதல் அடியில் நடுவிரல் போனது. இரண்டாவது அடியில் மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து போயின. முள்ளு கத்தியது அவனுக்கே பாதிதான் கேட்டது. கட்டை அவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, தானே உட்கார்ந்து, கோழி கிளறின எழுத்தில் முப்பத்தொன்று என்று மூன்று தாளிலும் எழுதினான். முள்ளுவின் முத்திரையை எடுத்து மூன்றிலும் குத்தினான்.

கட்டைக்கு அது பில் தாள். வேறு எங்கெல்லாம் போகும், போனால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சுவரில் சாய்ந்து, சட்டை மடியில் கையை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

முள்ளு வீட்டுக்குப் போய்ப் படுத்தான். அந்த வலியில் அவனுக்குத் தாள் நினைப்பு இல்லை. கட்டையின் கழுத்து நினைப்புதான் இருந்தது. எந்தப் பக்கம் வெட்டினால் சீக்கிரம் சாவான் என்று இரண்டு நாள் படுத்துக்கொண்டே யோசித்தான். மனைவி கட்டு மாற்றினாள், மாத்திரை கொடுத்தாள், ஒப்பந்தக்காரரின் ஏழு தலைமுறையையும் வாயால் இழுத்துத் தெருவில் போட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"தம்பிக்குத்தான். டபுள் ட்யூட்டியாம். ஹாப்பர் மூணும் அடைச்சிக்கிச்சாம், குத்தக் குத்த வருதாம், தீரவே மாட்டேங்குதாம்."

முள்ளு எழுந்து உட்கார்ந்தான். முப்பத்தொன்றுக்குக் காலி பண்ணினால் நாற்பத்தேழில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். ஒவ்வொரு தரமும் நிற்கும். இரண்டு நாளாக நின்றுகொண்டே இருக்கிறது. சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"கைய வச்சிக்கிட்டு எங்க போறீங்க?"

"உன் தம்பிய வெளிய கூட்டிட்டு வரேன்."

அவள் முகம் வெளுத்தது. சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தாள்.

வாசலில் காவலாளி குறுக்கே நின்றான். "உன்ன உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா." பேச நேரமில்லை. முள்ளு நெற்றியால் அவன் மூக்கில் ஒரு முட்டு முட்டினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட அவன் உட்கார்ந்துவிட்டான். முள்ளு தாண்டி ஓடினான்.

கண்ட்ரோல் ரூமில் ஷிப்டு இன்ஜினியர் தாளை எடுத்து நீட்டினார். "முப்பத்தொண்ணுன்னு நீதானேய்யா குடுத்த? இந்தா உன் முத்திரை."

"முத்திரை என்னோடது. எழுத்து என்னோடது இல்ல. இந்தக் கையப் பாருங்க, இது எப்படி எழுதும்? நாப்பத்தேழு சார். கொதிகலன நிறுத்துங்க."

இன்ஜினியர் கட்டுப்போட்ட கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். போனை எடுத்தார். "நிறுத்தணும்னா மேல கேக்கணும்."

"கேளுங்க. நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள கீழ இருக்கிறவங்க வெந்துடுவாங்க."

ஹாப்பருக்கு அடியில் மங்கல் வெளிச்சம். மச்சினனும் இன்னும் மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கட்டை, இடுப்பில் கை வைத்து மேற்பார்வை. முள்ளு மேலே பார்த்தான். நடு ஹாப்பரைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் பெயின்ட் வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. இரும்பு மெதுவாக முனகியது. நல்ல காதில் கேட்டது.

"மாப்ளே, வெளிய வா! எல்லாரும் வெளிய வாங்க! மேல தாங்காது, விழப்போவுது!"

மச்சினன் கம்பியை நிறுத்தாமலே சிரித்தான். "வந்துட்டாருடா எங்க மாமா! ஊருக்கே ஜோசியம் சொல்வாரு. மாமா, ஆறு மாசத்துல என்ன நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. உங்க வாயால ஏற்கெனவே ரெண்டு தரம் போச்சு. தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க."

"டேய், சட்டத்தப் பாருடா!"

"பெயின்ட் உதிரும் மாமா. உங்க தலையில முடி உதிரல?"

மற்றவர்கள் சிரித்தார்கள். கட்டை அவனை நோக்கி வந்தான். "ஒரு கை போதலியா? இன்னொண்ணையும் குடு."

முள்ளு இரண்டு நாளாக ஏங்கிக்கொண்டிருந்த கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கீழே ஒரு குத்துக்கம்பி கிடந்தது. இடது கையால் எடுத்தான். கட்டை ஒரு எட்டுப் பின்வாங்கினான். முள்ளு அவனை விட்டுவிட்டு, அரைச் சுற்றுத் திரும்பி, மச்சினனின் முழங்காலுக்குக் கீழே முழு பலத்தோடு வீசினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பீப்பாய் சாய்ந்தான். முள்ளு அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். நூறு கிலோ உடம்பு, ஒரு கை. பத்தடிகூட இழுக்க முடியவில்லை.

"அய்யோ, கொன்னுட்டான்டா!" என்று மச்சினன் அலறினான்.

மற்ற மூன்று பேரும் கம்பியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார்கள். ஒருவன் பீப்பாயைத் தோளில் தாங்கி வெயிலுக்குக் கொண்டுபோனான். இரண்டு பேர் முள்ளுவைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு மிதித்தார்கள். விலாவில் ஒன்று, முதுகில் ஒன்று, கட்டுப்போட்ட கையில் ஒன்று. கையில் விழுந்ததில் கண் இருண்டது.

"மிதிங்கடா" என்றான் முள்ளு மண்ணைக் கவ்விக்கொண்டே. "இங்கேயே மிதிங்க. உள்ள போவாதீங்க."

உள்ளே கட்டை தனியாக நின்றான். "பைத்தியக்காரனுக்குப் பயந்து ஓடுறீங்களாடா? கம்பிய நான் புடிக்கிறேன்" என்று சொல்லி அவனே எடுத்து மேல்நோக்கி ஒரு குத்துக் குத்தினான்.

முதலில் ஆணி தெறித்தது, துப்பாக்கி வெடித்த மாதிரி. பிறகு நடு ஹாப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்து ஹாப்பரையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. சாம்பல் மண் மாதிரி விழவில்லை. தண்ணீர் மாதிரிப் பாய்ந்தது, கொதிக்கக் கொதிக்க. மிதித்துக்கொண்டிருந்தவனின் கால் அந்தரத்தில் நின்றது. கட்டையின் சத்தம் ஒரு தரம் கேட்டது. மறு தரம் கேட்கவில்லை.

சூடு தணிந்து அவனைத் தோண்டி எடுக்கச் சாயங்காலம் ஆனது. முள்ளுவும் தோண்டினான், இடது கையால். வெளியே வந்ததை யாரும் நேராகப் பார்க்கவில்லை. பூட்ஸை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொன்னார்கள்.

மறுநாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தாளை மேஜைமேல் வைத்தார். "முப்பத்தொண்ணுன்னு எழுதினது யாரு?"

செத்தவன் தலையில் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். பொய்யும் இல்லை. வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒப்பந்தக்காரரின் வக்கீலே அதைத்தான் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுதினது கட்டை. எழுத வச்சது ஒப்பந்தக்காரர்" என்றான் முள்ளு. வக்கீல் எழுந்தார், அதிகாரி உட்காரச் சொன்னார். "தப்புன்னு தெரிஞ்சும் ரெண்டு நாளு யாருகிட்டயும் சொல்லாம கெடந்தது நான். அதையும் எழுதிக்கோங்க."

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "அதுக்கு இதுல எடம் இல்லயேப்பா."

"ஓரத்துல எழுதுங்க சார். எடம் இருக்கு."

அவர் எழுதும்வரை முள்ளு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மச்சினனின் கால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முள்ளு போய் நின்றதும் அவள் எழுந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "ரெண்டு நாளு! ரெண்டு நாளு பக்கத்துலயே படுத்திருந்தீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா?" அறைந்த கையாலேயே அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

மச்சினன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாமா, போலீஸு வந்து கேட்டுச்சு, கால ஒடச்சது யாருன்னு."

"என்ன சொன்ன?"

"உங்க பேரத்தான் சொன்னேன். பின்ன என்ன, நானா ஒடச்சிக்கிட்டேன்?"

"சரிதான்."

"கேஸு நடக்கட்டும். நான் எழுந்து நடக்கட்டும். அப்புறம் உங்க கால எடுக்கிறேன்."

"எடுத்துக்கோ மாப்ளே" என்றான் முள்ளு. "எழுந்து வந்து எடுத்துக்கோ."