இடது வரிசையில் மூன்றாவது மந்திரி

தாக் மான்-சூ அண்ணனின் முகம் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லவேண்டும். அவருடைய பிடரியைக் கேளுங்கள், உடனே சொல்வேன். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். தொப்பி உரசி உரசிக் காய்த்துப்போன தோல். கழுத்தில் மூன்று மடிப்பு. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் வரும் ராஜா கதைத் தொடர்களில் அவர் இடது வரிசையில் மூன்றாவது மந்திரி. குக்கு என்கிற நான் நாலாவது.

எங்கள் வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், எங்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சிம்மாசனத்தில் இருக்கிற ராஜா ஏதாவது அக்கிரமமாக உத்தரவு போடுவார். உடனே சிவப்பு அங்கி போட்ட பதினான்கு கிழவர்கள் தரையில் நெற்றி பட விழுந்து, "மறுபடி யோசித்தருள வேண்டும், மகாராஜா!" என்று ஒரே குரலில் கத்துவோம். ராஜா யோசிக்க மாட்டார். யோசித்தால் தொடர் அன்றைக்கே முடிந்துவிடும். தப்பித் தவறி அவர் நல்லது ஏதாவது செய்துவிட்டால், "தங்கள் கருணைக்குக் கரையே இல்லை, மகாராஜா!" என்போம். இருப்பது இந்த இரண்டு வசனம். இதை வைத்துக்கொண்டு தாக் அண்ணன் முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணையும் கட்டிக்கொடுத்தார்.

அவர் குன்சான் என்கிற துறைமுக ஊரில் கருவாடு காயப்போடும் வீட்டுப் பிள்ளை. இருபத்தைந்து வயதில் பஸ் ஏறி சியோலுக்கு வந்து, தொலைக்காட்சி நிலையம் நடத்திய நடிகர் தேர்வில் தேறினார். மூவாயிரம் பேரில் இருபது பேரை எடுத்தார்கள். அந்த இருபதில் இரண்டு பேர் நட்சத்திரமானார்கள், ஒருவர் புத்த பிக்கு ஆனார், ஒருவர் கோழி வறுவல் கடை வைத்தார். மிச்சம் பேர் எங்களை மாதிரி. முதல் எட்டு வருடம் தாக் அண்ணன் சிப்பாய். ஒரே போரில் காலையில் இந்தப் பக்கமும் மத்தியானம் அந்தப் பக்கமும் நின்று, இரண்டு பக்கத்திலும் அம்பு பட்டுச் செத்திருக்கிறார். முப்பத்து மூன்று வயதில் ஒப்பனைக்காரர் ஒரு வெள்ளைத் தாடியை எடுத்து அவர் தாடையில் ஒட்டினார். அதற்கப்புறம் அவருக்கு வயது ஏறவும் இல்லை, பதவி ஏறவும் இல்லை.

கல்யாணமும் அந்தத் தாடியோடுதான் நிச்சயமானது. மால்-சுன் அண்ணி அப்போது படப்பிடிப்புக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பெண். நாலு தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வருவாராம். "என்னைக் கட்டிக்கிறியா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "நடிகனையா? போய்யா, வேலையப் பாரு" என்று அண்ணி நடையைக் கட்டிவிட்டார். இவர் மற்ற மந்திரிகளுக்குக் கண் காட்டினார். மொத்த அரசவையும் அப்படியே சேற்றில் விழுந்து, "மறுபடி யோசித்தருள வேண்டும்!" என்று கத்தியது. நான் அப்போது இல்லை, பழைய ஆட்கள் சொன்னது. அந்த வசனத்தைக் கேட்டு உண்மையிலேயே யோசித்தது உலகத்தில் அந்த அம்மா ஒருவர்தான்.

இப்போது அண்ணி சந்தையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் விற்கிற கடை வைத்திருக்கிறார். காரம் பூசிப் புளிக்கவைத்த கோஸ் கிம்ச்சி, ஊறவைத்த நண்டு, அவரை முளை, நெத்திலி வறுவல். குரல் சந்தையின் அந்த முனை வரைக்கும் கேட்கும். வீட்டில் ராஜா யார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன இலையுதிர் காலத்தில் தாக் அண்ணனுக்கு முட்டியில் நீர் கோத்துக்கொண்டது. அங்கிக்குள்ளே வாலிபால் ஆடுகிறவர்கள் போடும் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் நாங்கள் விழுகிறோம். ஆனாலும் முப்பத்தைந்து வருட விழுதல். மருத்துவர் ஊசி போட்டு நீரை எடுத்த அன்று நானும் வீட்டுக்குக் கூடப் போயிருந்தேன். அண்ணி முள்ளங்கியை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"விழுந்து விழுந்து எந்திரிக்கிறீங்களே, ஒரு ராஜாவாவது 'ஏன்யா, உன் பேரு என்ன'ன்னு கேட்டிருக்கானா?"

"மூணாவது மந்திரிக்குப் பேரு கிடையாதுடி."

"அப்ப வந்து பூண்டு உரிங்க. பூண்டு உரிக்கிற ஆளுக்கு என் கடையில பேரு உண்டு."

"நான் நடிகன்டி!"

"நடிகர்னா தனியா பேசணும். பதிமூணு பேரோட சேர்ந்து கத்துறதுக்குப் பேரு ஊர்வலம்." அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "இந்தத் தொடர் முடியறதுக்குள்ள நீங்க மட்டும், ஒத்தையா, ஒரு தடவை பேசிக் காட்டுங்க. பேசிட்டீங்கன்னா சாகுற வரைக்கும் நடிங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா வர்ற வசந்தத்துலேருந்து பூண்டு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் முள்ளங்கியைப் பார்த்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருப்பது அண்ணிக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் தனியாகப் பேசுகிற மந்திரி பிழைக்க மாட்டான். ராஜாவுக்கு எதிராக ஒத்தையாக வாய் திறந்தவனுக்கு அடுத்த வாரமே கிண்ணத்தில் விஷம் வரும். கூட்டத்தோடு கத்துகிறவன்தான் ஐம்பது எபிசோடும் இருப்பான். எங்கள் வரிசையில் இத்தனை கிழவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தோம் என்று நினைக்கிறீர்கள்? திறமையினாலா? வாயை மூடிக்கொண்டிருந்ததனால்தான்.

பன்னிரண்டாவது எபிசோடுக்கான பக்கங்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தன. கதை எழுதுகிற அம்மா எப்போதும் படப்பிடிப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் அனுப்புவார். இந்தத் தடவை அதிசயமாக மூன்று நாள் இருந்தது. பஞ்ச காலம். ஒரு கிராமம் அரசுக் களஞ்சியத்தை உடைத்துத் தின்றுவிட்டது. ராஜா எல்லோரையும் தண்டிக்கச் சொல்கிறார். அப்போது மூன்றாவது மந்திரி தனியாக எழுந்து பேசுகிறார். நான்கு வாக்கியம்.

டைரக்டர் குவாக் அண்ணனைக் கூப்பிட்டு, "பெரியவரே, முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார். அப்புறம் எனக்கு விஷம் உண்டா?"

"உண்டு."

"க்ளோசப்பா?"

"இல்ல, நீங்க செத்ததை ஒரு தூதுவன் வந்து சொல்லுவான். அத்தோட உங்க வேலை முடிஞ்சுது. சம்மதமா?"

இன்னும் முப்பத்தெட்டு எபிசோடு பாக்கி இருந்தது. அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சம்மதம்" என்றார்.

மூன்று நாளும் அண்ணன், அண்ணியின் கடையில் உட்கார்ந்து வசனத்தை உருப்போட்டார். "மகாராஜா, அவர்கள் களஞ்சியத்தை உடைத்தது உண்மை. உண்டவர்கள் பிழைத்தார்கள், உண்ணாதவர்கள் செத்தார்கள். தண்டிப்பதானால் முதலில் என்னைத் தண்டியுங்கள். அந்தக் களஞ்சியத்தைப் பூட்டச் சொன்னவன் நான்." இரண்டாம் நாளே பக்கத்துக் கடை மீன்காரம்மாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. இறைச்சிக்கடைக்காரர் எலும்பை வெட்டிக்கொண்டே "பூட்டச் சொன்னவன் நான்!" என்று முழங்கினார். அண்ணி மட்டும் அசரவில்லை.

"பூட்டினீங்கள்ல, அனுபவிங்க" என்றார்.

வியாழக்கிழமை படப்பிடிப்பு. ராஜாவாக நடித்தது தான்-யுல் என்கிற பாடகப் பையன். இருபத்து மூன்று வயது, பார்க்க லட்சணமாக இருப்பான், குரல் தேன். நடிப்பு மட்டும் வராது. கோபம், துக்கம், காதல் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான் வைத்திருந்தான். அவனுடைய ரசிகைகள் அனுப்பிய காப்பி வண்டி வாசலில் நின்றது. தாடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் காப்பி குடித்தோம். தாக் அண்ணன் குடிக்கவில்லை, தொண்டை கெட்டுவிடுமாம்.

டைரக்டர் எங்களிடம் வந்து கண்டிப்பாகச் சொன்னார். "அவர் பேசி முடிச்சதும் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. அவருக்குத் துணைக்கு ஆளே இல்ல. அதான் சீன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்று பதிமூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். வேறெப்படிச் சொல்வதென்று எங்களுக்குத் தெரியாது.

கேமரா ஓடியது. அண்ணன் எழுந்தார். அந்தப் பிடரி முதல் தடவையாக என் கண்ணுக்கு மேலே உயர்ந்து போனது. "மகாராஜா" என்று ஆரம்பித்த குரல் எங்கள் யாருக்கும் தெரிந்த குரலாக இல்லை. இத்தனை வருடம் பதிமூன்று பேருக்கு அடியில் கிடந்த குரல், எவ்வளவு நன்றாக இருந்தது! கடைசி வாக்கியத்துக்கு வந்தார். "அந்தக் களஞ்சியத்தைப் பூட்டச் சொன்னவன்..."

என் நெற்றி தரையில் இருந்தது. "மறுபடி யோசித்தருள வேண்டும், மகாராஜா!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது நான். அடுத்த நொடி மற்ற பன்னிரண்டு பேரும் விழுந்து கத்தினார்கள். "நான்" என்ற வார்த்தை அதற்குள் எங்கேயோ போய்விட்டது.

பழக்கதோஷம் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். பாதிதான் உண்மை. அடுத்த வாரத்திலிருந்து அந்த மனிதர் எனக்கு முன்னால் இருக்க மாட்டார் என்ற பயம்தான் மீதிப் பாதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வசனத்தை இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் மனதாரச் சொன்னேன்.

ராஜாப் பையன் மிரண்டுபோனான். வாய் திறந்தபடி எங்களைப் பார்த்து, "சரி... யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டான்.

"கட்!" டைரக்டர் எழுந்து வந்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் நேரே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து அந்தக் காட்சியை மூன்று தடவை பார்த்தார். "பதினோரு எபிசோடு கழிச்சு இன்னிக்குத்தான் இந்தப் பையன் முகத்துல ஏதோ ஒண்ணு வந்திருக்கு" என்றார். அங்கேயே கதை எழுதுகிற அம்மாவுக்கு ஃபோன் போட்டார். அந்த அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. ராஜா மன்னிக்கிறார், கிராமம் பிழைக்கிறது, மூன்றாவது மந்திரி வரிசைக்குத் திரும்புகிறார். ஐம்பதாவது எபிசோடு வரை வேலை.

நாங்கள் கைதட்டினோம். தாக் அண்ணன் மட்டும் நடந்து போய் டைரக்டர் முன்னால் நின்றார்.

"சார், என்னைக் கொன்னுடுங்க."

"என்னது?"

"இன்னொரு தடவை எடுங்க சார். நான் தனியா பேசணும், தனியா சாகணும்."

"பெரியவரே, முப்பத்தெட்டு எபிசோடு!"

"முப்பத்தெட்டு எபிசோடும் கத்தத்தானே போறேன் சார். கத்துறதுக்கு இவனுங்க இருக்கானுங்க." என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏன்டா குக்கு, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒத்தையா நின்னேன். அதையும் கூட்டமாக்கிட்டியேடா, பாவி!"

"அண்ணே, நீங்க போயிருவீங்களேன்னு..."

"போறேன்டா! போறதுக்குத்தானே எந்திரிச்சேன்!"

டைரக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை" என்றார்.

இரண்டாம் முறை நான் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. அண்ணன் நான்கு வாக்கியத்தையும் சொன்னார். "நான்" என்று சொல்லி நிறுத்தியபோது மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. பதிமூன்று கிழவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். கொண்டுபோங்கள் என்று ராஜா கை காட்டினான். அண்ணனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது, ஒரு அடி வைத்துத் தள்ளாடினார். எப்போதும் நான்தான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்குவேன். அன்று தாங்கவில்லை. அவரே சமாளித்து நடந்து போனார்.

டைரக்டர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார்.

தொடர் சனிக்கிழமை இரவில் வரும். அண்ணி விடியற்காலை நாலு மணிக்கு எழுகிறவர், எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார். அதனால் ஞாயிறு மத்தியானம் மறு ஒளிபரப்பைக் கடையிலேயே பார்ப்பது என்று முடிவானது. குளிர்காலக் கிம்ச்சி போடும் பருவம், கடையில் கூட்டம் நெரிந்தது. குளிர்பெட்டிமேல் சின்ன டிவி. மீன்காரம்மா, நான், அண்ணன் எல்லோரும் கவிழ்த்துப்போட்ட வாளிகளில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி கையில் மிளகாய் விழுதோடு நின்றுகொண்டே பார்த்தார். அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை, அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் மூன்றாவது மந்திரி எழுந்தார். "மகாராஜா" என்றார். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, "முள்ளங்கிக் கிம்ச்சி இருக்கா? போன தடவை உப்பு தூக்கலா இருந்துச்சே" என்றார்.

அண்ணி திரும்பினார். "ஏம்மா, கண்ணு தெரியலையா? என் புருஷன் பேசிக்கிட்டு இருக்காரு! முப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் பேசறாரு! அவர் பேசி முடிக்கிற வரைக்கும் இந்தச் சந்தையில ஒருத்தர் வாயத் தொறக்கக் கூடாது! ஏய் எலும்பு வெட்டுறவனே, கத்தியக் கீழ வை! நண்டுக்காரி, உன் ரேடியோவ நிறுத்துடி! என் வீட்டு மனுஷன் பேசறாருன்னு சொல்றேன்ல!"

சந்தை கப்சிப் என்றானது. பக்கத்துக் கடைகளில் ரேடியோக்கள் அணைந்தன. அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு டிவி பக்கம் திரும்பினார். அங்கே மூன்றாவது மந்திரி சிப்பாய்களுக்கு நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அண்ணி.

நான்கு வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, நீங்க போட்ட சத்தத்துல..." என்று ஆரம்பித்தேன். தாக் அண்ணன் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

"முடிஞ்சிருச்சு" என்றார் அவர். "நல்லா கேட்டுச்சு."