இன்ஸ்பெக்டர் ஷாஹீன் எந்தக் கைக்காரர்?

அலெக்ஸாந்திரியாவில் டிராமை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓட்டுநரின் பிரேக். மற்றது, டிக்கெட் கொடுக்கும் தவ்லத்தின் குரல். அவள் சீதி காபிர் நிறுத்தத்தில் ஓர் அதட்டல் போட்டால் ஷாத்பி கடற்கரையில் அலை பின்வாங்கும் என்று நான் சொன்னால், இவள் அளக்கிறாள் என்பீர்கள். சரி, பாதியை நம்புங்கள். அதுவே போதும்.

தவ்லத் பிறவி இடது கைக்காரி. சின்ன வயதில், சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் அத்தை அந்தக் கையை முக்காட்டுத் துணியால் நாற்காலியோடு கட்டிப்போடுவாள். கர்மூஸ் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரின் மரஅளவுகோல் அதே கையைத் தேடி வரும். அடியும் கட்டும் பழகிப்போன ஒரு நாள்தான், பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த அவள் அப்பாவின் கடையில் ‘இன்ஸ்பெக்டர் ஷாஹீன்’ வந்து இறங்கினார். கோட்டும் தொப்பியும் போட்ட படக்கதைத் துப்பறிவாளர். துப்பாக்கி இடது கையில். பேனா இடது கையில். காப்பிக் கோப்பைகூட இடது கையில்தான்.

மறுநாள் ஆசிரியர் அளவுகோலை எடுத்ததும், தவ்லத் அந்தப் புத்தகத்தை அவர் மூக்கு நுனிவரை நீட்டினாள். “முதல்ல இவர அடிங்க சார். அப்புறம் என்னை அடிங்க.”

ஆசிரியர் புத்தகத்தைப் பிடுங்கினார். கொலைகாரன் யார் என்று தெரியும்வரை படித்தார். மணி அடித்ததும் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அவளை அடிக்கவில்லை. அடுத்த இதழ் எப்போது வரும் என்று மட்டும் கேட்பார்.

டிராம் வேலைக்கு வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. ஒரு முறை தலைப்பாகைக்காரர் ஒருவர், இடது கையால் நீட்டிய டிக்கெட்டை வாங்க மாட்டேன் என்றார். “அப்ப இறங்கி வலது காலால மட்டும் நடந்து போங்க பெரியவரே” என்றாள். டிராம் முழுக்கச் சிரிப்பு. பெரியவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலைகளில் நாங்கள் ஃபவ்ஸியின் தேநீர்க்கடையில் கூடுவோம். படக்கதைப் பைத்தியங்கள் என்று எங்களுக்குப் பெயர். சமீபத்தில் படித்ததை ஒவ்வொருவரும் மேசைமேல் வைத்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சட்டம்: கதையைப் பற்றித் தப்பாக எதையாவது சொன்னால், தப்பைப் பிடித்தவருக்கே அந்தப் புத்தகம்.

அன்று முடிதிருத்தும் கிர்கிஸ் முதலில் தொடங்கினான். செவ்வாய்க் கிரகத்துக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை. “அங்க போயும் மாமியார் சண்டைதான். ராக்கெட்டுக்குச் செலவு பண்ணதே தண்டம்” என்றான்.

அடுத்து தவ்லத். பையிலிருந்து எடுத்தது, ஆசிரியர் மூக்குக்கு நீட்டிய அதே புத்தகம். இத்தனை வருடத்தில் அதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்ததில்லை.

“திரும்பப் படிச்சேன்” என்றாள். “கொலைகாரன் இவரோட வலது கையப் பிடிச்சுக்கறான் பாருங்க. தப்பிச்சோம்னு நெனைக்கறான். இன்ஸ்பெக்டர் பிறவியிலேயே இடது கைக்காரருன்னு அவனுக்குத் தெரியல, முட்டாள்.”

“தப்பு” என்றான் ஹாத்திம்.

ஹாத்திம் இன்ஜினியர். பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். அங்கே பழைய புத்தகக் கடையில் கிடைத்தது என்று ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை மேசைமேல் விரித்தான். பின்னட்டை இல்லை. அதே கோட்டு, அதே தொப்பி. துப்பாக்கி மட்டும் வலது கையில்.

“இதுதான் ஒரிஜினல் அக்கா. அவங்க இடப்பக்கத்துலேருந்து படிப்பாங்க, நாம வலப்பக்கத்துலேருந்து. அதனால அரபில போடும்போது படத்தையெல்லாம் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிட்டாங்க. கையும் மாறிடுச்சு. சட்டம் சட்டம்தான். புத்தகம் எனக்கு.”

தவ்லத் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அழுதுவிடுவாளோ என்றுகூட நான் நினைத்தேன். இத்தனை காலம் பழகியும் எனக்குப் புத்தி இல்லை.

“இது யாரு?” என்றாள்.

“நம்ம ஷாஹீன்தான்.”

“பேரு என்ன போட்டிருக்கு?”

“பெல்மோர்.”

“யாரோ ஒரு பெல்மோருக்கு வலது கை. எனக்கென்ன வந்துச்சு? நான் சொன்னது ஷாஹீனப் பத்தி.”

“ரெண்டு பேரும் ஒரே ஆளுதான் அக்கா! நமக்காகத் திருப்பிப் போட்டாங்க, அவ்வளவுதான்.”

“நமக்காகத்தானே? வலது கைக்கு மாறுன்னு என் அத்தை என்னைக் கட்டிப்போட்டா. நான் மாறல. அவ்வளவு பெரிய இன்ஸ்பெக்டர், எங்கிட்ட வர்றதுக்காகத் தன் கையையே மாத்திக்கிட்டாரு. அவர நான் உங்கிட்டக் குடுப்பேனா?”

இடது உள்ளங்கையைப் புத்தகத்தின் மேல் வைத்தாள். “சட்டம் பேசறியே, எடுத்துக்க தம்பி.”

ஹாத்திம் இழுத்தான். புத்தகம் அசையவில்லை, மேசைதான் நகர்ந்தது. மேசையோடு நாங்கள் அனைவரும் வாசல்வரை போனோம். அப்படியே டிராம் தண்டவாளத்தையும் தாண்டியிருப்போம், ஃபவ்ஸி வந்து வழியை மறித்தார். “கிளாஸ் உடைஞ்சா, ரெண்டு இன்ஸ்பெக்டரையும் நான் உள்ள தள்ளிடுவேன்!”

ஹாத்திம் மூச்சு வாங்க உட்கார்ந்தான். தன் புத்தகத்தைப் பார்த்தபடியே, குரலை இறக்கிக் கேட்டான். “அக்கா... கொலைகாரன் யாரு?”

“ஏன், ஒரிஜினல்ல போடலியா?”

“கடைசிப் பக்கங்க கிழிஞ்சு போச்சு. லியோன் முழுக்கத் தேடிட்டேன். கெடைக்கல.”

கிர்கிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். தவ்லத் சிரிக்கவில்லை.

“வலது கைய முதுகுக்குப் பின்னால கட்டு. டீய இடது கையால குடி. ஒரு சொட்டு மிச்சமில்லாம குடிச்சா சொல்றேன்.”

ஹாத்திம் கிளாஸைத் தூக்கினான். பாதி வாய்க்குள், பாதி சட்டைக்குள். அவனுக்குத் துணையாகக் கிர்கிஸும் நானும் இடது கையால் எடுத்தோம். பக்கத்து மேசையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த கிழவர் பொறுக்கவில்லை.

“இடது கையால குடிக்கறது சைத்தான் வேலை!”

“ஃபவ்ஸி மாமா, சைத்தானுக்கும் ஒரு டீ போடுங்க” என்றாள் தவ்லத். “புதினா அதிகமா.”

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஹாத்திம் எட்டிப் பார்க்க வசதியாகப் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்து, இடது கையால் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.