பாடை திரும்பாத முடுக்கு

காலை ஆறு நாற்பது. பின்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, வீடுகளுக்குப் பின்னால் போகும் ஒடுங்கிய பாதையில் யாரோ குறுக்கே விட்டிருந்த பச்சைக் குப்பைத்தொட்டி. இங்கிலாந்தில், நான் இருக்கும் லீட்ஸில், இந்தப் பாதையைக் கின்னல் என்கிறார்கள். பக்கத்து வீட்டு மார்கரெட் தொட்டியை ஓரமாக உருட்டிவிட்டு, "கின்னலை அடைக்கக் கூடாது, அது எல்லாருக்கும் பொது" என்றார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தண்ணீர் ஓடும் சேனலிலிருந்து வந்திருக்கலாம், நிச்சயமில்லை என்றார். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். முடுக்கு என்றேன், வளைவு என்று பொருள் சொன்னேன். "இதில் வளைவே இல்லையே" என்று பாதை நெடுகக் கையை நீட்டிக் காட்டினார்.

முடங்கு, முடக்கு என்று மடங்குவதைக் குறிக்கும் சொற்களுக்கு முடுக்கு உறவு என்றே நினைக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிருபராக இருந்தபோது, நேரே போனால் சந்து, திரும்பினால் முடுக்கு என்று ஆட்கள் வழிசொல்லக் கேட்டிருக்கிறேன். ராஜபாளையத்தில் எங்கள் வீடு அப்படியொரு முடுக்கின் உள்ளே, வளைவுக்கு அப்பால் இருக்கிறது. அந்த வளைவில் சைக்கிள் திரும்பும், பாடை திரும்பாது. அதற்காகவே வளைவை ஒட்டிய முன்வீட்டுச் சுற்றுச்சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குச் சாந்து பூசாமல் கல்லை அடுக்கியிருப்பார்கள். உள்வீட்டில் சாவு விழுந்தால் முன்வீட்டுக்காரரே வந்து கல்லை இறக்கி, தன் வளவு வழியே பாடைக்கு வழிவிடுவார். காரியம் முடிந்ததும் அவரே மறுபடி அடுக்குவார். அப்பா அப்படித்தான் போனார்.

போன மாதம் அண்ணன் அழைத்தான். முன்வீடு கைமாறிவிட்டது, வாங்கியவர் சுவரை இடித்துக் கட்டுகிறார்.

"ஏலே, முழுசாப் பூசிரவான்னு கேக்காரு. இப்ப யாரு வீட்டுல சாகுதா? எல்லாம் ஆஸ்பத்திரிதான். நீ சரின்னா சொல்லிருதேன்."

"அம்மாகிட்ட கேட்டியா?"

போன் அம்மாவிடம் போனது. மழைக்காலத்திலிருந்து கட்டிலோடு கிடப்பவள். "பூசிட்டா என்னையச் சாக்குல கட்டியா தூக்கிட்டுப் போவிய?" என்றாள். "ஒங்கய்யா போன வழியில என்னையும் விடுங்க. அம்புட்டுத்தான்."

அண்ணன் சிரித்தான். பூச வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

"சொல்லிருதேன். அன்னைக்கு அந்தப் பாடையத் தூக்க நீ இருப்பியாலே?"

லைன் சரியில்லை, பொறவு பேசுகிறேன் என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று படம் அனுப்பியிருந்தான். சுவர் எழும்பி, பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. வளைவில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் கல் வெறுமனே அடுக்கியிருக்கிறது.

எனக்கு அடுத்த விடுப்பு டிசம்பரில்.