வண்டியை ஓட்டியது யார்?

போன வருடம், பூண்டு அறுவடை முடிந்த சமயம். மலைமேல் இருக்கும் எங்கள் காந்தலூரிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, உடுமலை மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் அக்காவின் கணவரும் பிக்கப் வண்டியில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது நான்.

அப்போது எனக்குக் கனவுப் பைத்தியம். கனவுக்குள் இருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் ஆசை. வீடியோ, தியானம், மூச்சுப் பயிற்சி என்று ஒன்றையும் விடவில்லை. அதில் எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று. கனவில் எழுத்துகள் நிலையாக நிற்காது, திரும்பப் பார்த்தால் மாறிவிடும் என்பார்கள். அதனால் விழித்திருக்கும்போது எதையும் இரண்டு முறை வாசித்துப் பழகினால், கனவிலும் மனம் தானாக அதையே செய்யும். எங்கள் ரோட்டில் போர்டுகளுக்கா பஞ்சம்? மலையாளத்திலும் தமிழிலும் வழியெல்லாம் நிற்கும். நான் முணுமுணுப்பதைக் கேட்டு மச்சான் சிரிப்பார். "ஒருக்கா வாசிச்சா எங்களுக்கே புரியுது மாப்ள. நீ காலேஜுக்கு எதுக்குப் போன?"

மாநில எல்லையிலிருக்கும் சின்னாறு செக்போஸ்ட் தாண்டியதும், "தூக்கம் வந்தா எழுப்பு, நான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் சாய்ந்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படித்தான் நினைத்தேன். ஒரு பெரிய அரங்கில் கனவுகளைப் பற்றி நான் பேசுவதாக மனசுக்குள் ஒரு காட்சி. யாரோ கேள்வி கேட்கிறார்கள், நான் அசத்தலாகப் பதில் சொல்கிறேன், கைதட்டல். நடுவே வளைவுகள் வந்தன. கை தன் பாட்டுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பியது.

ஒரு மஞ்சள் போர்டு வந்தது. 'யானை கடக்கும் இடம், மெதுவாகச் செல்லவும்.' பழக்கப்படி மறுபடி பார்த்தேன். 'பூண்டு காயும் இடம், சத்தம் போடாதீர்கள்.'

எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிடித்துவிட்டேன், இது கனவுதான். பறந்து பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். எழுந்திருக்கலாம் என்று குனிந்தால், கையில் ஸ்டியரிங். அப்போதுதான் உறைத்தது. நான் தூங்குகிறேன் என்றால், வண்டியை ஓட்டுவது யார்?

கண்ணைத் திறந்தேன். இடது சக்கரங்கள் தார் ரோட்டை விட்டு இறங்கி சரளையில் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு வரிசைக் கல், அதற்கு அந்தப்பக்கம் வெறும் பள்ளம். பிரேக்கை மிதித்தேன். பம்பர் கல்லில் முட்டி வண்டி நின்றது.

"யானையா?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் முழித்தார்.

"இல்ல மச்சான். தூங்கிட்டேன்."

அவர் இறங்கிப்போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து தண்ணீர் பாட்டிலை என் தலையில் கவிழ்த்தார். எனக்கோ வாய் நிற்கவில்லை. போர்டு மாறியது, நான் கண்டுபிடித்தது, அதனால்தான் விழித்தது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, உன் கனவுல நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டியில் பக்கத்து சீட் காலி. பொய் சொல்ல வரவில்லை.

"நீங்க அதுல இல்ல மச்சான்."

"நல்லவேளை, அதுலயாவது நான் ஏறல," என்றபடி சாவிக்குக் கை நீட்டினார்.

என் பயிற்சிதான் எங்களைக் காப்பாற்றியது என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லலாம். உண்மையும்கூட. ஆனால் அந்தக் கைதட்டலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே எந்த இடத்தில் எல்லையைத் தாண்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண் திறந்திருந்தபோதே, அந்த அரங்கக் கற்பனையிலேயே, பக்கத்தில் இருந்த மச்சானை நான் மனசிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன். இப்போதும் தியானம் செய்கிறேன், கனவுகளைத் துரத்துகிறேன். ஆனால் பகலில் அடிக்கடி, என் பக்கத்தில் இப்போது யார் இருக்கிறார் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், பதில் உடனே வராவிட்டால் நான் விழித்திருக்கவில்லை என்று அர்த்தம்.