வாடை இல்லை

லால்குடி ரோட்டில், இரண்டு பக்கமும் வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது நான் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கு. ஐஸ்கிரீம், வெண்ணெய், உறையவைத்த பட்டாணி, மீன் எல்லாம் அங்கே வந்து இறங்கி, திருச்சியைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போகும். அத்தனையையும் குளிரவைப்பது குழாய்களில் ஓடும் அமோனியா. குழாய்க்குள் இருக்கிறவரை அது சாது. வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் வேகவைத்துவிடும். அது வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போவேன். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பாதுகாப்பு அதிகாரி' என்று போட்டிருக்கும்.

ஆனால் அந்த இடத்தை உண்மையில் காப்பாற்றிக்கொண்டிருந்தவர் மெஷின் ரூம் ஆபரேட்டர். சவூதியில் இதே வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வீடு காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால். நாங்கள் எல்லாரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். காலையில் வந்ததும் மெஷின் ரூம் வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பார். "அந்த மூலை வால்வு லேசா விடுதுங்க மேடம்" என்பார். நான் கந்தகத் திரியைக் கொளுத்தி அந்த வால்வுக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். அமோனியா கசிந்தால் வெள்ளையாகப் புகை கிளம்பும். அவர் சொல்லி, புகை கிளம்பாத நாளே கிடையாது.

கசிவைக் கண்டுபிடித்து அலறுகிற கருவி ஒன்றும் அங்கே இருந்தது. அது பழுதாகி, காரணமில்லாமல் கத்த ஆரம்பித்ததும் மேனேஜர் கழற்றச் சொல்லிவிட்டார். புதிது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "சீசன் முடியட்டும்மா. பாயோட மூக்கு இருக்கறப்ப அது எதுக்கு?" என்று சிரித்தார்.

கொரோனா வந்தபோது பாய்க்கும் காய்ச்சல் வந்தது. இருபது நாள் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான். பல மாதம் கழித்து, ஒரு வெயில்காலத்து மதியம், கேன்டீனில் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் டப்பாவைத் திறந்ததுமே எனக்குக் குமட்டியது. சாதம் ஊசிப்போயிருந்தது. அவர் பாட்டுக்குப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், சாதம் ஊசிப்போச்சுங்க. தெரியலையா?"

அவர் கை நின்றது. டப்பாவைக் குனிந்து முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. திருடன் மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது அது.

கேன்டீனுக்குப் பின்னால், லாரி நிற்கிற இடத்தில் வைத்துச் சொன்னார். காய்ச்சலோடு மூக்கு போய்விட்டது. திரும்பி வரும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ரொம்ப வீரியமாக இருந்தால் கண் எரியுமாம், அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாராம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். சொன்னா என்னைக் கொண்டுபோய் கேட்டுல உட்கார வெச்சுடுவாங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"வீட்ல சொன்னீங்களா?"

"எதுக்கு, பயப்படுவா."

சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய்ச் சொல்வதுதான் என் வேலை. நான் சொல்லவில்லை. அவர்மேல் இரக்கம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அவர் இல்லாமல் அந்த ரூமை நடத்த எனக்கே பயமாக இருந்தது என்று தெரிகிறது. கருவிக்கு மறுபடி எழுதிக் கொடுத்தேன். கருவி வருகிறவரை காலைச் சுற்று நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று அவரிடம் சொன்னேன். அவர் வால்வுகளைத் தொட்டுப் பார்ப்பார், நான் மூச்சு இழுப்பேன். நோட்டில் 'வாடை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி அவர் கையெழுத்துப் போடுவார். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

அன்று நான் சுற்றுக்குப் போகவில்லை. எங்களிடம் சரக்கு வைக்கிற ஒரு கம்பெனியிலிருந்து பாதுகாப்பைச் சோதிக்க ஆள் வந்திருந்தார். காலை ஒன்பது மணியிலிருந்து அவரோடு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, நோட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். "ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்கீங்க" என்று அவர் சொன்னார். அப்போதுதான் யாரோ பட்டனை அழுத்தி, சைரன் அடித்தது.

பிறகு தெரிந்தது இதுதான். திரவ அமோனியா வரும் குழாயில் ஓர் இணைப்பு சில நாளாகவே லேசாகக் கசிந்திருக்கிறது. அந்தச் சில நாளும் எனக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்துக்கொண்டுதான் சுற்றுக்குப் போயிருந்தேன். அன்று காலை அந்த இணைப்பை இறுக்கி அடைக்கிற கேஸ்கட் மொத்தமாகப் பிய்ந்துகொண்டது. பாய் அதற்கு நாலடி தூரத்தில், முகமூடி இல்லாமல் நின்றிருந்தார்.

வாசல் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் ஹாலில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போய், கண்ணைத் திறக்க முடியாமல், கையால் தடவியே மெயின் வால்வை மூடியிருக்கிறார். அதன் பிறகுதான் வெளியே வந்தார்.

பெண்களைக் காற்றுக்குக் குறுக்கே வயல் பக்கம் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். பாய் கண் கழுவுகிற குழாயைக் கண்டுபிடிக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பிடித்து இழுத்து, தலையைத் தண்ணீருக்குக் கீழே கொண்டுபோய், இமைகளை விரலால் பிரித்துப் பிடித்தேன்.

"கண்ணைத் திறங்க பாய். திறந்தே வெச்சிருங்க."

"அந்தப் பொண்ணுங்க?"

"எல்லாரும் வெளிய போயிட்டாங்க."

"எண்ணிப் பாத்தீங்களா?"

எண்ணவில்லை. "எண்ணிட்டேன்" என்றேன். ஆம்புலன்ஸ் வருகிறவரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

பெண்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம் அவருக்குக் கொஞ்சம் பேச முடிந்தது. குரல் என்று சொல்ல முடியாது, வெறும் காற்று. கண்ணில் கட்டு. அவர் மனைவி டாக்டரைப் பார்க்கப் போயிருந்த நேரம், என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "மூக்கு விஷயம்... வீட்டுக்குத் தெரிய வேணாம்" என்றார். சரி என்று சொன்னேன். மறுநாள் தொண்டை வீங்கி, குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

விசாரணை நடந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு மூக்கு போனதையும், அது எனக்குத் தெரிந்திருந்ததையும், கழற்றிப்போட்ட கருவியையும், நான் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். செத்துப்போனவருக்குக் கொடுத்த வாக்கை மீறியாவது நடந்தது வெளியே வரட்டும் என்று நினைத்தேன். வெளியே வந்தது முதல் பாதி மட்டும்தான். குறையை மறைத்து வேலை பார்த்தார், அதனால் நடந்தது என்று நிர்வாகம் எழுதிக்கொண்டது. அதைச் சொல்ல அவர் வீட்டுக்கு ஓர் ஆளையும் அனுப்பினார்கள். அந்த மாதமே புதுக் கருவி வந்து மாட்டினார்கள். மாட்டிய அன்று நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாயின் மனைவியைப் பார்க்கப் போனேன். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருந்தார், வெளியே வரமாட்டார். உள் அறையில் என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்.

"அவருக்கு வாசம் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியுங்க அக்கா."

"எனக்குத் தெரியாது. கம்பெனி ஆளு வந்து சொல்லித்தான் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல தினம் சோத்துக்கு ஆணம் காய்ச்சி வெச்சேன். ஒவ்வொரு நாளும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு."

"நீங்க பயப்படுவீங்கன்னு சொன்னாரு" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "இருவத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவரு வெளிநாட்டுல இருக்கறப்ப தனியா ரெண்டு பிரசவம் பாத்தேன். நான் பயப்படுவேன்னா நெனச்சாரு?" அப்புறம்தான் அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தள்ளவும் இல்லை, சாயவும் இல்லை.

கிளம்பும்போது சொன்னார்: "கோவம் ஒண்ணும் இல்லம்மா. ஆனா இனிமே வராதீங்க. உங்களைப் பாத்தா, என்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொன்னாருன்னுதான் தோணுது. இன்னும் என்னென்ன சொல்லாம போனாரோன்னு தோணுது."

சரிங்க அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். மார்க்கெட் வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், வண்டியைத் திருப்ப இடமில்லை. அவர்கள் இறக்கி முடிக்கிறவரை அங்கேயே நின்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை.